இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறதா?

கடந்த பள்ளி விடுமுறையில் ரந்தாவ் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பழைய பிக்கப்பில் அத்தை, இரண்டு பிள்ளைகள், நான். பின்னால் உர மூட்டைகள். செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சரிவில் இறங்கும்போது மாமாவின் கால் பிரேக்கை மூன்று முறை மிதித்ததைப் பார்த்தேன்.

“என்ன மாமா, பிரேக் சரியில்லையா?”

“முதல் மிதியில உள்ள போயிடுது தம்பி. ரெண்டு, மூணு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும். எண்ணெய் குறைஞ்சா ஊத்திக்குவேன். மூணு வாரமா இப்படித்தான் ஓடுது.”

மறுநாள் காலை பட்டறைக்குப் போனோம். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்ததுமே உள்ளே ஈரம். சக்கரத்துப் பம்பின் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்து, பிரேக் கட்டை முழுக்க ஊறியிருந்தது. மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஊத்துன எண்ணெய் எங்க போகுதுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா அண்ணே?”

பிரேக் எண்ணெய் எரிபொருள் அல்ல. ஓட ஓடச் செலவாகாது. நாம் மிதிக்கும் அழுத்தத்தை மாஸ்டர் பம்பிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு போவது அதுதான். மாஸ்டர் பம்பில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை ஓரளவு நிறுத்தும். ஆபத்துக்கு உதவ வைத்த அந்தப் பாதியை நம்பித்தான் மாமா மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்.

கால் சொல்லும் சேதி

எஞ்சின் ஓட, வண்டியை நிறுத்தி வைத்துப் பெடலை அழுத்திப் பாருங்கள்.

• அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தாழ்கிறதா? எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே கசிவே இல்லையென்றால், மாஸ்டர் பம்பின் உள்ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

• பஞ்சு போல அமுங்குகிறதா? குழாய்களில் காற்று புகுந்திருக்கலாம். காற்றை வெளியேற்றினால் மட்டும் போதாது. அது புகுந்த வழியையும் அடைக்க வேண்டும்.

• முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாம் மிதி மேலேயே இறுகுகிறதா? பின்சக்கர டிரம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். காற்றும் காரணமாகலாம்.

• எண்ணெய் குறைகிறதா? சக்கரங்களின் உட்புறம், ரப்பர் குழாய்கள், இணைப்புகளில் ஈரம் தேடுங்கள். முன்சக்கரப் பேட் தேய்ந்தாலும் அளவு சற்று இறங்கும்.

• பெடல் கல் போல இறுகி, வண்டி நிற்க மறுக்கிறதா? அது வேறு கோளாறு. பூஸ்டரைச் சோதிக்க வேண்டும்.

சுமையோடு புக்கிட் தங்கா வளைவுகளில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரமேறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி, பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஓடும்போதே பிரேக் போய்விட்டால், பெடலை விரைந்து பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும்.

மாமாவின் வண்டிக்குப் பின்சக்கரப் பம்புகள், கட்டைகள் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. திரும்பும்போது அதே சரிவு. மாமா ஒரே ஒரு முறை மிதித்தார், வண்டி நின்றது. பக்கத்திலிருந்த அத்தை சொன்னார்: “இத்தனை நாளா நீங்க மிதிக்கிறப்பல்லாம் நானும் சேர்ந்து மிதிச்சுக்கிட்டு இருந்தேன்.”

உங்கள் வீட்டு வண்டியிலும் பக்கத்து இருக்கையில் யாராவது அப்படி மிதிக்கிறார்களா? நாளைக்கே பட்டறைக்குக் கொண்டு போங்கள்.