முழங்காலுக்குக் கீழே ஒரு பிரச்னை

புடவை எடுத்தாகிவிட்டது. அதற்கு ரவிக்கைத் துணி தேடி நீங்கள் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பீர்கள்? "இந்த அரக்கு வேறே, அந்த அரக்கு வேறே" என்று துணியை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து பார்த்து, கடைக்காரரின் பொறுமையையும் கூட வந்தவரின் பொறுமையையும் சேர்த்துச் சோதித்திருப்பீர்கள். "பெண்களுக்கு இதே வேலை!" என்று சலித்துக்கொள்ளும் ஆண்களுக்கு ஒரு சமாசாரம் சொல்லுங்கள். இதே பாட்டை ஆண்களே படுகிற தேசம் ஒன்று இருக்கிறது. அது ஸ்காட்லாந்து. அங்கே ரவிக்கையின் இடத்தில் இருப்பது மேஜோடு!

ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷ நாட்களில் கட்டிக்கொள்ளும் கில்ட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட கம்பளித் துணி. பின்புறம் நெருக்கமாகக் கொசுவம். முன்புறம் மட்டமாக மடிப்பு. பாவாடை என்று மட்டும் அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தைத்த கில்ட்டுக்கு எட்டுக் கஜம் துணி போகும். ஒன்பது கஜம் கட்டிய பாட்டிமார்களைப் பார்த்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்த எட்டுக் கஜமும் முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கொஞ்சம் வெறுங்கால், பிறகு கெண்டைக்கால் முழுவதும் கனத்த கம்பளி மேஜோடு. பார்க்கிறவர் கண் முதலில் கில்ட்டுக்குப் போகும், அடுத்த நிமிஷம் மேஜோட்டில்தான் நிற்கும். இதற்கென்றே உள்ள ஜோடும் சாதாரண ஜோடு அல்ல. அதில் நாக்குக் கிடையாது. கயிறு கணுக்காலைச் சுற்றி ஏறும். ஆகவே பாதத்தின் மேல்கூட மேஜோடு தெரியும். வர்ணம் தப்பினால் ஒளிக்க இடம் இல்லை!

என் தங்கை மகன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். போன வருஷம் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனுடைய கல்யாணத்துக்கு அவன் மாப்பிள்ளைத் தோழன். "பெரியம்மா, எனக்கும் கில்ட் உண்டு!" என்று டெலிபோனில் குதித்தான். வாடகைக் கடையில் கில்ட், கோட்டு, இடுப்பில் தொங்கும் தோல் பை, ஜோடு எல்லாம் ஒரே மூட்டையாகக் கொடுத்துவிட்டார்களாம். மேஜோடு மட்டும் எல்லோருக்கும் ஒரே நிறம். பால் வெள்ளை.

இந்த வெள்ளை, பரம்பரை வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வாடகைக் கடைகள் பெருகிய பிறகு, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இப்படி எங்கும் பரவியது. எந்தக் கில்ட்டுக்கும் பாதகமில்லை, விலையும் மலிவு, கடைக்காரருக்குக் கணக்குச் சுலபம். வெள்ளை ரவிக்கை எல்லாப் புடவைக்கும் 'சேரும்' அல்லவா? அந்த மாதிரிச் சேர்த்திதான். வாத்தியக் கோஷ்டி வரிசையாக நடந்து வரும்போது வெள்ளை எடுப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தனி மனிதர் கறுப்பு ஜோட்டுக்கும் கருநீலக் கில்ட்டுக்கும் நடுவே இரண்டு வெள்ளைக் கம்பங்களோடு நின்றால், மாவுக்கட்டுப் போட்டவர் மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? கில்ட்டை மேஜைமேல் விரித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கட்டங்களில் மூன்று, நான்கு வர்ணங்கள் இருக்கும். எது அதிகமோ அதை மேஜோட்டுக்கு எடுக்காதீர்கள். சிவப்புக் கில்ட்டுக்குச் சிவப்பு மேஜோடு போட்டால் உடம்பு பாதிக்குமேல் ஒரே செங்கல் சுவர். அதே கில்ட்டில் அடக்கமாக ஓடும் பச்சையையோ கருநீலத்தையோ எடுங்கள்; சிவப்பு இன்னும் துலங்கும். மெல்லிய கோடாக இருக்கிறதே மஞ்சளோ வெள்ளையோ, அதைக் காலுக்குக் கொண்டுவர வேண்டாம். மேஜோடு நழுவாமல் இருக்கக் கட்டும் பட்டியில் இரண்டு சிறு துணி நாக்குகள் வெளியே தெரியும். 'பிளாஷ்' என்பார்கள். கோட்டு வர்ணத்தின் இடம் அதுதான். ஜரிகைக் கரையின் நிறத்தில் ரிப்பன் முடிவது மாதிரி.

பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்ற பேதமும் உண்டு. பகலில் சொரசொரப்பான ட்வீட் கோட்டு, பழுப்பு ஜோடு. அதோடு ஓட்ஸ் கஞ்சி நிறம், பழுப்பு, 'லோவட்' என்கிற சாம்பல் கலந்த பச்சை, இவையெல்லாம் பாந்தமாக இருக்கும். லோவட் ஒரே சாயம் அல்ல. பல நிற இழைகளைக் கலந்து நூற்பது. தூரத்து மலைச்சரிவு எப்படி ஒரு நிறமாகவும் இல்லாமல் எல்லா நிறமாகவும் இருக்கிறதோ, அப்படி. ராத்திரி விருந்துக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பித்தான். அப்போது கரும்பச்சை, கருநீலம், திராட்சை ரசச் சிவப்பு எடுக்கலாம். கறுப்பு மேஜோட்டை என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். ஜோடு எங்கே முடிந்தது, கால் எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. குச்சிக் கால்காரர்கள் வெளிர் நிறத்தில், தடித்த முறுக்குப் பின்னல் உள்ளதாக எடுக்கலாம். கெண்டைக்கால் கொஞ்சம் புஷ்டியாகத் தெரியும்.

பழைய நாளில் மேஜோட்டைப் பின்னவில்லை. கட்டத் துணியையே குறுக்குவாட்டில் வெட்டித் தைத்தார்கள். குறுக்கே வெட்டியதால் சதுரக் கட்டம் வைரக் கட்டமாயிற்று. இன்று உலகமெங்கும் ஆர்கைல் என்று விற்கிற வைரக் கட்டம், ஆர்கைல் பிரதேசத்துக் காம்பெல் குலத்தாரின் கட்டத்திலிருந்து வந்தது. சாயத்துக்குப் பாறையில் படரும் ஒரு பாசியை வேக வைப்பார்கள். செம்பழுப்பு நிறம் இறங்கும். அந்தப் பாசி வேறு யாருமில்லை, செட்டிநாட்டுக் குழம்பில் நாம் தாளிக்கிறோமே கல்பாசி, அதன் ஒன்றுவிட்ட சகோதரி!

இந்த உடுப்புக்காக ஜெயிலுக்குப் போகவேண்டிய காலமும் இருந்தது. 1746-ல் கலோடன் யுத்தத்தில் மலைநாட்டார் தோற்றார்கள். அவர்களுடைய உடையே கலகத்தின் அடையாளம் என்று லண்டன் சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தது. முதல் தடவை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி அகப்பட்டால் ஏழு வருஷம் கடல் கடந்து தண்டனை. பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை. சர்க்காருக்காகச் சண்டை போடும் மலைநாட்டுப் பட்டாளங்கள் மட்டும் கட்டலாம்! 1782-ல்தான் சட்டம் ரத்தாயிற்று. தொட்டிலில் கிடந்த பிள்ளை அதற்குள் முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை. பட்டாளத்தார் போட்ட சிவப்பு வெள்ளைக் கட்ட மேஜோடு போன்றவை மட்டும் இடைவெளியில்லாமல் பிழைத்தன.

பிறகு கதை தலைகீழானது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கோலாகலம். பருத்த சரீரமுள்ள மன்னர் சிவப்புக் கில்ட் கட்டினார். வெறுங்கால் தெரியக் கூசியதோ என்னவோ, தோல் நிற இளஞ்சிவப்பில் ஒரு காலுடையை உள்ளே மாட்டிக்கொண்டார். ஊரே சிரித்தது. பின்னால் டேவிட் வில்கி தீட்டிய படத்தில் அந்த இளஞ்சிவப்பைக் காணோம். ஓவியருக்கு விவரம் தெரிந்திருக்கிறது!

தங்கை மகன் போன கல்யாணத்துக்கு வருவோம். மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொந்தக் கில்ட் உண்டு. மேஜோடு அவர் மனைவி பின்னியது. லோவட் பச்சை, மடிப்பில் முறுக்குப் பின்னல், ஒரு குதிகாலில் இழையோட்டித் தைத்த ஒட்டு. அந்த அம்மாள் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. "போட்டோவில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் அப்பா" என்று பிள்ளை வெள்ளை ஜோடி ஒன்றை நீட்டினான். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டாராம். கல்யாணத்தன்று காலை வெள்ளையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிள்ளை உள்ளே போய் அலமாரியைத் திறந்தான். பச்சை மேஜோட்டை எடுத்து வந்து, தகப்பனார் முன்னால் மண்டியிட்டு, தானே மாட்டிவிட்டான். முழங்காலுக்குக் கீழே மூன்று விரற்கடை விட்டு மடித்து, பிளாஷைச் சரிசெய்து, வலது மேஜோட்டில் சின்னக் கத்தியையும் செருகினான்.

போட்டோ என்னிடம் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று ஆறு ஜோடி கால், நடுவில் ஒரு ஜோடி மலைச்சரிவு. என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டினால், "இவர் யார்?" என்று எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள்.

தங்கை மகன் இப்போது சொந்தமாக ஒரு கில்ட் வாங்கிவிட்டான். 'பிளாக் வாட்ச்' கட்டம். கருநீலம், கரும்பச்சை, கறுப்பு. குலம் கோத்திரம் பார்க்காமல் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று அங்கே ஏற்றுக்கொண்ட கட்டம் அது. "மேஜோடு என்ன நிறம் பெரியம்மா?" என்று கேட்டான். செம்பழுப்பு என்று சொல்லி, கெண்டைக்கால் அளவு அனுப்பச் சொன்னேன். பதினாலரை அங்குலமாம். வியர்வையில் கம்பளி நூல் விரலோடு ஒட்டுகிறது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பின்னுகிறேன். ஒரு கால் குதிகால் வரை வந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், படுக்கப் போட்டு உலர்த்து என்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன். வெந்நீரில் போட்டானானால், தொட்டில் பிள்ளைக்குத்தான் ஆகும்.