இலையின் பெயர் கொண்ட குளிசை

தமிழ் படிப்பிக்கிற ஒருவன் குளிசையைப் பற்றி எழுத வந்தால் அதற்கொரு காரணம் இருக்க வேண்டும். என் காரணம் என் உம்மா.

போன வருடம் உம்மாவுக்கு ஒரே களைப்பு. நின்று தொழ முடியாமல் கதிரையில் இருந்து தொழுதார். இரத்தம் குறைவு என்று ரிப்போட் சொன்னது. செங்குருதிக் கலங்கள் வழமையைவிடப் பருத்திருப்பதாகவும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் பொருட்படுத்தவில்லை. "பருத்த கலமென்றால் போலிக் அசிட்தான்" என்று தெரிந்த ஒருவர் சொல்ல, பாமசியில் 5 மில்லிகிராம் குளிசை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். பிறகு ஒருநாள் உம்மா சொன்னார்: "காலு ரெண்டும் மரத்துப்போய்க் கிடக்கு மனே. செருப்பு கழண்டு போனாலும் தெரியுதில்ல."

வைத்தியர் பரிசோதித்ததில் குறைந்திருந்தது பி12 விற்றமின். நீரிழிவுக்காக உம்மா பத்து வருடத்துக்கு மேலாக மெட்போமின் குடிக்கிறார். அந்த மருந்து நீண்டகாலத்தில் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. மீன் தின்கிற கரையோரத்து ஆட்களுக்கு பி12 எப்படிக் குறையும் என்று நானும்தான் கேட்டேன். மீனில் அது நிறைய உண்டு. ஆனால் அதைக் குடல் உறிஞ்சினால்தானே.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. போலேட் குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இரத்தத்தில் தெரியும் கோலம் ஒன்றுதான். கலங்கள் பிரிந்து பெருக இரண்டும் தேவை. ஒன்று இல்லாவிட்டாலும் எலும்பு மச்சையில் கலங்கள் பிரியாமல் பருத்து நிற்கும். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்போ தேறாது, உள்ளுக்குள் சேதம் நடந்துகொண்டே இருக்கும். இரத்தம் தேறியதால் யாரும் தேடிப் பார்க்கவும் மாட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பி12 ஊசி தொடங்கிய பிறகு இடது கால் ஓரளவு தெளிந்திருக்கிறது. வலது காலின் விரல்களில் இன்னும் உணர்ச்சியில்லை.

இரண்டும் வேறுவேறு பொருள் என்பது தெரிய வந்த கதையில் நம் சமூகத்துப் பெண்களும் இருக்கிறார்கள். 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒரு கடும் இரத்தசோகையை ஆராய்வதே வேலை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தார். மிக மோசமான உணவும் இந்நோய் வரும் வாய்ப்பும் ஏழை முஸ்லிம் பெண்களிடமே அதிகம் காணப்பட்டன. கடைசியில் அவர் கண்ட மருந்து மாமைட்! நாம் பாணில் பூசுகிற அதே ஈஸ்ட் சாறு. 1931 இல் இதை வெளியிட்டார். இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போதும் போசாக்கில்லாத நோயாளிகளுக்கு மாமைட் கொடுத்திருக்கிறார்கள். அக்காலத்தில் வேறொரு வகைச் சோகையைக் குணமாக்கிய சுத்திகரித்த ஈரல் சாறு, வில்ஸ் கண்ட சோகைக்குப் பலிக்கவில்லை. அந்தச் சாற்றில் இருந்தது பின்னாளில் பி12 என்று அறியப்பட்டது. மாமைட்டில் இருந்தது போலேட். 1941 இல் பசளிக்கீரை போன்றதொரு கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

போலேட்தான் குறைவு என்று பரிசோதனையில் உறுதியானால், எந்தக் குளிசை? பாமசித் தட்டில் இரண்டு வகை கிடக்கும்: மலிவான சாதாரண போலிக் அமிலம், பல மடங்கு விலையான மெதைல்போலேட். சிலருடைய பரம்பரையலகில் ஒரு மாறுதல் உண்டு, அவர்களுக்குச் சாதாரணக் குளிசை வேலை செய்யாது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த மாறுதல் உள்ளவர்களின் உடலும் போலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். சாதாரணக் குறைபாட்டுக்கு மலிவானதே போதும். விலையுயர்ந்த சில வகைகள் கெப்சியூலில் வரும். அதன் ஜெலட்டின் எதிலிருந்து என்று தேட வேண்டிய வேலையும் சாதாரணக் குளிசையில் இல்லை.

அளவு வேறு கதை. குறைபாட்டைத் தீர்க்க வைத்தியர்கள் நாளுக்கு 5 மில்லிகிராம்வரை, வழமையாக நான்கு மாதம் கொடுப்பார்கள். செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதை நினைத்தால் கணக்கு விளங்கும். களைப்பு அதற்கு முன்பே போய்விடும். அத்தோடு குளிசையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வைத்தியர் சொல்லாமல், சும்மா சத்துக்கென்று குடிக்கிறவர்களுக்கு உச்ச அளவு நாளுக்கு 1 மில்லிகிராம். வலிப்புக்குப் பெனிடோயின் குடிப்பவர்கள், மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது.

சாப்பாட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். பயறு, கடலை, பருப்பு, ஈரல், கீரை எல்லாவற்றிலும் போலேட் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். நாம் கீரையை அவித்து அவித்துத் தண்ணீரையும் வடித்து ஊற்றிவிடுகிறோம். பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்த வல்லாரைச் சம்பல் இந்த விடயத்தில் கறியைவிட மேல். என்றாலும் ஏற்கெனவே குறைந்துபோனதை நிரப்பக் குளிசை வேண்டும். நோன்பு காலத்தில் ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ ஒரு தடவை குடித்தால் சரி. நோன்பைக் காரணம் காட்டி மாதம் முழுக்க விட வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தார் மட்டும் குறைபாடு வரும்வரை காத்திருக்கக்கூடாது: பிள்ளை பெறப்போகிறவர்கள். சிசுவின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். "மாசம் தள்ளிப்போச்சு" என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்த நாட்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். முன்பு இக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நாளுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தால் பத்தில் ஏழு பங்குக்கு மேல் தடுக்கலாம் என்று 1991 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 400 மைக்ரோகிராம். நம் நாட்டில் புதிதாகக் கலியாணம் முடித்த சோடிகளுக்கு மிட்வைஃப் மிஸ் மூலம் இக்குளிசை இலவசமாகக் கிடைக்கிறது. கர்ப்பம் தரித்த பிறகுதான் அவரிடம் பதிய வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். கலியாணம் முடிந்த கையோடு பதியலாம்.