உஷார்! கையுறை இருக்கிறதே என்று நம்பி மலையேறாதீர்கள்

கொஞ்சம் நில்லுங்கள். சிவனொளிபாதமலைக்குப் போகப் பை கட்டிவிட்டீர்களா? உள்ளே வைத்த கையுறையை வெளியே எடுங்கள். லேபலைப் பாருங்கள். கொட்டன் என்று போட்டிருக்கிறதா?

அப்படியென்றால் அது மலைக்கு வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும்.

"கையுறையில் என்ன இருக்கிறது, எதையாவது போட்டுக்கொண்டு போனால் சரி" என்று நினைப்பீர்கள். பசறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தங்கச்சியும் அப்படித்தான் நினைத்தாள். பெயர் வேண்டாம். தை மாதம், கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போனாள். பதுளையில் பாதையோரத்தில் வாங்கிய நாலு சோடிக் கையுறை. புதுசு. தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும்.

இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். பாதி வழியில் தூறல். மேலே போகப் போகப் படி செங்குத்து, இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நனைந்த கம்பி. கையுறை அந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. மூன்று மணிக்கே உச்சிக்குப் போய்விட்டார்கள். சூரியன் வர ஆறு மணி தாண்டும். மூன்று மணி நேரம், ஈரக் கையுறையோடு, அந்தக் காற்றில்!

விடியும்போது விரல் மரத்துப்போயிருந்தது. "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று இறங்கத் தொடங்கினாள். இளையவனுக்கு ஏழு வயது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது.

"அக்கா, சின்னவன் கையப் புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னே எனக்குத் தெரியல."

விட்டிருந்தாள். பிள்ளை நாலு படி உருண்டான். கீழே வந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் மறித்துப் பிடித்தார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அந்த மனிதர் அங்கே இல்லாதிருந்தால்?

இதோடு முடியவில்லை. வழியிலிருந்த தேத்தண்ணிக் கடையில், பாவம் பார்த்து, ஒரு சட்டியில் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். கையை அப்படியே விட்டாள். சூடே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு கையிலும் கொப்புளம். இரண்டு கிழமை கொழுந்துக்குப் போக முடியவில்லை. இரண்டு கிழமைச் சம்பளமும் போயிற்று.

இவ்வளவும் எதனால்? நனைந்த கொட்டன் கையுறையால்.

நம் ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது: "நாங்க குளிர்லயே பொறந்தவங்க." எனக்கு மிகவும் பயமான பேச்சு இது. தோட்டத்துக் குளிர் வேறு, மலை உச்சிக் குளிர் வேறு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை குறையும். அப்படியென்றால் பதுளையில் இருக்கும் குளிரைவிட உச்சியில் 9 பாகையாவது கூடுதல் குளிர். அதன் மேல் காற்று. அதன் மேல் வியர்வை ஈரம். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈரமான கொட்டன் கையுறை போடுவது, கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி.

நமுனுகுலைக்கு ஏறுகிற பிள்ளைகள் இன்னும் கவனம். அதுவும் 2,000 மீற்றருக்கு மேல். மார்கழி, தை மாதங்களில் பாதமலைப் பக்கம் ஓரளவு காய்ந்திருந்தாலும், நம் ஊவாப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை வருகிற காலம் அதுதான். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையில் போகிறவர்களே, தை, மாசியில் அங்கே புல்லில் துகள் உறைபனி வெள்ளையாகப் படியும். வெறுங்கையோடு போகாதீர்கள்!

குளிர் வந்தால் உடம்பு முதலில் இதயத்தையும் மூளையையும்தான் காப்பாற்றும். கைக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும். கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு இது தெரியும். தலைக்குக் கம்பளி, இடுப்புக்குப் படங்கு. கைக்கு மட்டும் ஒன்றும் இல்லை, விரல் நுனி திறந்திருந்தால்தானே கொழுந்தை ஒடிக்கலாம். மழைக் காலையில் அந்த விரல்கள் விறைத்துப்போய்க் கொழுந்து நழுவுவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! மலைப் படியில் நழுவுவது கொழுந்தாக இருக்காது.

சரி, எதை வாங்குவது?

கம்பளி, இல்லையென்றால் ஃபிளீஸ். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைத் தாங்கும். ஃபிளீஸ் சீக்கிரம் காயும். ஆனால் வெறும் கம்பளிப் பின்னல் ஈரக் கம்பியில் வழுக்கும், கவனம்! உள்ளங்கையில் ரப்பர் புள்ளியோ ரப்பர் பூச்சோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் ஹாட்வெயார் கடையில், உள்ளங்கைக்கு ரப்பர் பூசிய வேலைக் கையுறை விற்கிறார்கள். ஒரு அளவு பெரிதாக வாங்கி, மெல்லிய கம்பளிக்கு மேலே போடுங்கள். கையின் பின்புறம் அதிலும் நனையும், அதனால் மழை வந்தால் அதற்கும் மேலே ஒரு சொப்பிங் பேக்கைச் சுற்றி மணிக்கட்டில் கட்டலாம், கம்பி பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் கழற்றிவிடுங்கள். அழகாக இராது. பரவாயில்லை.

இறுக்கமானதை வாங்கவே வாங்காதீர்கள். "கச்சிதமா இருக்கு" என்று கடைக்காரர் சொல்வார். போட்டுக்கொண்டு முஷ்டி மடக்குங்கள். விரல் இடுக்கில் பிடித்தால் இரத்தம் ஓடாது, குளிர் இன்னும் ஏறும். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது, ஜெர்சிக் கைக்குள் நுழைகிற நீளம் வேண்டும். பிறகு உள்பக்கம் வெளியே திருப்பி, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள தையலை இழுத்துப் பாருங்கள். முதலில் பிரிவது அங்கேதான். நூல் இப்போதே தெரிகிறதென்றால் ஆயிரம் படிகூடத் தாங்காது. நல்லதண்ணி வழியில் ஏறக்குறைய 5,500 படிகள்!

சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறையை விடப் பை மாதிரியானது நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும்.

இரண்டாவது சோடி கட்டாயம். கட்டாயம்! 1950ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி, நேபாளத்து அன்னபூர்ணாவில், மொரிஸ் ஹெர்ஸோக் என்ற பிரான்ஸ் நாட்டவர் ஏறினார். 8,000 மீற்றருக்கு மேலான ஒரு சிகரத்தை மனிதர் முதன்முதலாகத் தொட்ட நாள் அது. இறங்கும்போது பையைத் திறப்பதற்காகக் கையுறையைக் கழற்றினார். அது சரிவில் உருண்டு போய்விட்டது. கைவிரல்கள் பறிபோயின. பையில் மாற்றுக் காலுறை இருந்தது, அதைக் கையில் மாட்டியிருக்கலாம் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. நம் மலையில் விரல் உதிரும் குளிர் இல்லை. ஆனால் கழற்றிய கையுறை காற்றில் போவதற்கு ஒரு நொடி போதும். நூல் கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். ஒரு சோடிக் கம்பளிக் காலுறையாவது பொலித்தீனில் சுற்றிப் பையில் வையுங்கள்.

இப்போது ஆபத்து அடையாளங்கள். ஏறும்போது அடிக்கடி ஒரு சோதனை: பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள். தொட முடியவில்லையா? உடனே நில்லுங்கள். பொத்தான் போட முடியவில்லை, டோர்ச்சை அழுத்த முடியவில்லை, கையிலிருந்து பொருள் நழுவுகிறது. இவையெல்லாம் எச்சரிக்கை. நம் நிறத்தில் வெளிறியது சட்டென்று தெரியாது, நகத்தடியையும் உள்ளங்கையையும் பாருங்கள். பேச்சு குழறினால், நடுக்கம் சூடேறாமலே நின்றுபோனால், "நின்னுடுச்சே" என்று சந்தோஷப்படாதீர்கள். அதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஆளைத் தனியே விடாமல், ஈரத்தை மாற்றி, போர்த்தி, உடனே உதவி கேளுங்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானாலும் விட்டுவிடாதீர்கள்.

மரத்துப்போன கையைத் தேய்க்காதீர்கள். நெருப்பில் காட்டாதீர்கள். அக்குளுக்குள் வையுங்கள். தண்ணீர் என்றால் இளஞ்சூடு மட்டும், அதுவும் கை மரக்காத இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு. மோதிரத்தை ஏறும் முன்பே கழற்றுங்கள், வீங்கினால் வராது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முன்பே கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவர்கள் விரலைக் கூட வருகிறவர் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் இரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். சாராயம் சூடு தருகிற மாதிரி இருக்கும், உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

இன்னொன்று: சீக்கிரம் போய் உச்சியில் காத்திருக்காதீர்கள். குளிர் பிடிப்பது நடக்கும்போது இல்லை, நிற்கும்போது.

இன்றைக்குச் சாயங்காலம் இதைச் செய்யுங்கள். வாங்கிய கையுறையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். போட்டுக்கொண்டு லயத்து வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். விரல் விறைத்தால் அது மலைக்கு ஆகாது.

அந்தத் தங்கச்சி இந்த சீசனும் போகிறாள், நேர்த்தி பாக்கி இருக்கிறதாம். கையுறைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். வாளி வாசலில் தயாராக இருக்கிறது.