மூன்றாவது கம்பியை வெட்டாதீர்கள்!



ஒரு நாள் மாலை ஓர் அம்மாளைக் கைத்தாங்கலாக என்னிடம் அழைத்து வந்தார்கள். துணி துவைக்கும் மெஷினைத் தொட்டதும் கரண்டு அடித்து விழுந்துவிட்டார். நல்ல வேளை, உயிர் பிழைத்தார். விசாரித்தபோது, "பத்து நாளாவே சுருக்கு சுருக்குன்னு இழுத்துச்சுங்க ஐயா. சிலிப்பர் போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யல. அன்னைக்கு வெறுங்காலோட ஈரத்துல நின்னுட்டேன்" என்றார்.

வீட்டில் போய்ப் பார்த்தேன். வயர் எட்டவில்லை என்று இரண்டு கம்பி வயரை ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தார்கள். மூன்றாவது கம்பி அந்த ஒட்டோடு நின்றுபோயிருந்தது. அதுதான் எர்த்!

இந்த வார்த்தைகளை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்.

லைவ்: கரண்டு வரும் கம்பி. மெஷின் வயரில் இது பழுப்பு நிறம்.

நியூட்ரல்: கரண்டு திரும்பும் கம்பி. நீல நிறம்.

எர்த்: பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி. லைவ் கம்பி தேய்ந்து மெஷினின் இரும்பு உடம்பில் பட்டால், கரண்டு இதன் வழியாக மண்ணுக்குப் பாயும். அந்த வேகத்தில் ஃபியூஸ் எரிந்து கரண்டு நின்றுவிடும். எர்த் இல்லையென்றால்? தொடுகிற ஆள்தான் எர்த் கம்பி!

ஃபியூஸ்: "அதுதான் ஃபியூஸ் இருக்கே" என்பார்கள். 13 ஆம்பியர் என்பது 13,000 மில்லி ஆம்பியர். மனிதன் நெஞ்சு வழியாக 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே மூச்சுப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இருதயம் தாறுமாறாகித் துடிப்பே நின்றுவிடலாம். ஃபியூஸ் வயரைக் காக்கும். தனியாக அது ஆளைக் காக்காது.

இ.எல்.சி.பி.: போன கரண்டு முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் வகை என்றால், அந்த அளவு கசிந்ததுமே கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். 'டக்'கென்று விழாவிட்டால் அது கெட்டுவிட்டது. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேராக வயர் இழுக்காதீர்கள்.

யாருக்காவது கரண்டு அடித்தால் உடனே தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 999-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சு நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

'சுருக்கு' என்று இழுத்தால் சிலிப்பர் தேடாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். தோட்டத்து வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் சொல்கிறது. ஆபீசில் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலைச் சங்கத் தலைவரிடமும் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.