புது மஜ்ஜை, பழைய வைரஸ்

ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றவருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கும். மஜ்ஜை பிடித்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். மருத்துவர்களோ வாரந்தோறும் ரத்தம் எடுத்து, பி.சி.ஆர். முறையில் ஒரு வைரஸைத் தேடுவார்கள். அது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி.

இது வெளியிலிருந்து புதிதாக நுழைவது அரிது. இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாய்ப்பால், எச்சில் வழியாகச் சிறுவயதிலேயே தொற்றி, பிறகு மஜ்ஜைச் செல்களில் ஆயுள் முழுக்கப் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பவை டி செல்கள். சிகிச்சைக்கு முந்தைய கீமோ அவற்றை அழிக்கிறது. தானமாக வந்த செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்காதிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் எஞ்சியவற்றையும் முடக்குகின்றன. வைரஸ் தலைதூக்குகிறது.

சிறுநீரக மாற்றில், வைரஸ் உள்ளவரின் உறுப்பை அது இல்லாதவருக்குப் பொருத்துவதே பேராபத்து. இங்கே நேரெதிர்: நோயாளியிடம் வைரஸ் இருந்து, கொடையாளரிடம் இல்லாவிட்டால்தான் சிக்கல் அதிகம். அந்த வைரஸைச் சந்தித்தே இராத டி செல்கள்தானே கொடையாளரிடமிருந்து வருகின்றன!

கவனிக்காமல் விட்டால் நுரையீரல், குடல், விழித்திரை என்று பரவும். திசுவை நுண்ணோக்கியில் வைத்தால், ஊதிப் பெருத்த செல்லின் நடுவே கருத்த உருண்டையும் சுற்றிலும் வெளிறிய வளையமும் தெரியும். ஆந்தைக் கண் போலவே இருக்கும். சி.எம்.வி. மட்டுமல்ல, சின்னம்மை வைரஸ் அக்கியாகத் திரும்பலாம், பி.கே. வைரஸ் சிறுநீரில் ரத்தம் வரவைக்கலாம்.

கான்சிக்ளோவிர் சி.எம்.வி.யை அடக்கும், ஆனால் புது மஜ்ஜையையும் பதம்பார்க்கும். ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைப் படுத்தும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர் வேறு வழியில் போகிறது. வைரஸ் தன் டி.என்.ஏ.வை வெட்டி உறைக்குள் அடைக்கப் பயன்படுத்தும் நொதியை மட்டும் தடுக்கிறது. அந்த நொதி மனித செல்லில் இல்லை என்பதால் மஜ்ஜை தப்பிக்கிறது. அக்கியை இது தடுக்காது. அதற்கு அசைக்ளோவிர் தொடர வேண்டும்.

லெட்டர்மோவிரை 100 நாளில் நிறுத்தியதும் சிலருக்கு வைரஸ் மறுபடி தலைகாட்டியது. ஆகவே ஆபத்து மிகுந்தவர்களுக்கு 200 நாள் வரை கொடுக்க 2023இல் அனுமதி வந்தது. மருந்து தருவது அவகாசம்தான். சி.எம்.வி.யை அடையாளம் காணும் டி செல்கள் உருவாக மாதக்கணக்கில் ஆகும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் வரை பி.சி.ஆர். சோதனையைத் தவறவிடக் கூடாது.