பதிவிறக்கிய நிகழ்படங்களை டிவிடியாக மாற்றுதல்

பதிவிறக்கிய நிகழ்படங்களை டிவிடியாக மாற்றுதல் என்பது, இணையத்திலிருந்து கணினிக்கு இறக்கப்பட்ட பல்வேறு வடிவக் கோப்புகளை, தொலைக்காட்சியோடு இணைந்த டிவிடி பிளேயரில் ஓடக்கூடிய ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, வேண்டிய வரிசையில் இணைத்து, வட்டில் எழுதும் செயல்முறை ஆகும். கணினியில் நன்றாக ஓடும் கோப்பை அப்படியே வட்டில் பதித்தால் பழைய பிளேயர்கள் பலவும் அதனை ஏற்பதில்லை. சில வேளைகளில் வட்டு ஓடினாலும் படம் ஒரு புறமும் ஒலி ஒரு புறமுமாகப் பிரிந்துவிடும். வடிவத்தை ஒன்றாக்கும் முன்னரே கோப்புகளை ஒட்டிவிடுவது இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது.

டிவிடியின் வரையறைகள்

டிவிடி 1996 ஆம் ஆண்டு சப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. டிவிடி நிகழ்படம் பெரும்பாலும் எம்பெக்-2 என்னும் குறிமுறையில் அமைகிறது. இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் முறையில் ஒரு படச்சட்டம் 720 × 576 படவணுக்களைக் கொண்டது. நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடும். கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் என்டிஎஸ்சி முறையில் படச்சட்டம் 720 × 480 ஆகவும், வேகம் நொடிக்கு 29.97 ஆகவும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எடுத்த திருமண வட்டு டொராண்டோவிலுள்ள உறவினர் வீட்டில் ஓடாமல் போவதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம். இந்தியச் சந்தையில் விற்ற பிளேயர்கள் பல இரு முறைகளையும் ஏற்றன. வட அமெரிக்கப் பிளேயர்கள் பல பால் வட்டுகளை ஏற்கவில்லை.

ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் இருத்தல் வேண்டும். இணையக் கோப்புகள் பலவற்றில் இது 44,100 ஆக இருக்கும். நிகழ்படத்தின் தரவு வேகம் நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி பட்டுச் சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கே கணினி இல்லாத ஒரு நெசவாளர் வீட்டில், நூலுக்குச் சாயமிடுதல், பாவு போடுதல், சேலை நெய்தல் ஆகியவற்றை விளக்கும் மூன்று துணுக்குகளை வரிசையாகத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும் எனக் கொள்ளலாம். முதலாவது விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து இறக்கிய வெப்எம் கோப்பு. நொடிக்கு 25 படச்சட்டம். இரண்டாவது 320 × 240 அளவுள்ள பழைய எஃப்எல்வி கோப்பு, நொடிக்கு 29.97. மூன்றாவது கைப்பேசியில் எடுத்த 176 × 144 அளவுள்ள 3ஜிபி கோப்பு, நொடிக்கு 15.

இவற்றை ஏன் அப்படியே ஒட்ட முடியாது என்பதை நெசவறிந்தவருக்கு விளக்குதல் எளிது. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் சங்கிலியாக ஓடுகின்றன. அச்சங்கிலியின் நடுவே வேறு அளவுப் பெட்டிக்கு வெட்டிய அட்டையைக் கோத்தால் துளைகள் கொக்கிகளோடு பொருந்தா. சேலையில் பூ சிதையும். நிகழ்படக் கோப்பும் அத்தகையதே. ஏவிஐ, எம்பி4 போன்ற கோப்புகள் தம் அளவையும் வேகத்தையும் உள்ளடக்கப் பட்டியலையும் தம்முள்ளேயே குறித்து வைத்துள்ளன. இரண்டு கோப்புகளின் பைட்டுகளை வெறுமனே அடுத்தடுத்து வைத்தால், பெரும்பாலும் முதல் கோப்பு மட்டுமே ஓடி நின்றுவிடும்.

மாற்றுதல்

ஆகவே மூன்று துணுக்குகளையும் தனித்தனியே பால் டிவிடி அளவுக்கு மாற்ற வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளில் இதற்கென முன்னமைவு உண்டு. அதனைத் தேர்ந்தால் அளவு, வேகம், ஒலி ஆகியன ஒருங்கே அமையும்.

படச்சட்ட வேகத்தை மாற்றும்போது மொத்த நேரம் மாறாதிருத்தல் இன்றியமையாதது. 29.97 இலிருந்து 25 ஆக்குவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 5 படச்சட்டங்கள் நீக்கப்பட வேண்டும். எதையும் நீக்காமல் வேகத்தின் எண்ணை மட்டும் 25 எனத் திருத்திவிட்டால், 10 நிமிடப் படம் ஏறக்குறைய 12 நிமிடமாக நீளும். ஒலியோ 10 நிமிடத்திலேயே முடிந்துவிடும். குரல் அடுத்த படியை விளக்கும்போது கை இன்னும் முந்தைய படியிலேயே இருக்கும். கதைப்படத்தில் இது எரிச்சலோடு போய்விடும். தொழில் கற்பிக்கும் படத்தில் பாடமே பாழாகும். வேகம் சீராக இல்லாத கைப்பேசிப் பதிவுகளில் இப்பிழை மெல்ல மெல்ல வளர்வதால், தொடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படாது.

திரைப்படங்களுக்கு வேறொரு வழக்கம் உண்டு. நொடிக்கு 24 படச்சட்டமாக எடுக்கப்பட்ட படம் படத்தையும் ஒலியையும் சேர்த்தே விரைவாக்கி 25 ஆக ஓட்டப்படும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும்.

படத்தைப் பெரிதாக்குவதால் தெளிவு கூடுவதில்லை. 176 × 144 படச்சட்டத்திலுள்ள படவணுக்கள் 25,344. டிவிடி படச்சட்டத்தில் 4,14,720. இடையிலுள்ள பதினாறு மடங்கையும் மென்பொருள் ஊகித்தே நிரப்புகிறது. சரிகையின் இழையமைப்பு மூலப்பதிவில் தெரியவில்லை என்றால் வட்டிலும் தெரியாது.

இணைத்தலும் எழுதுதலும்

ஒரே அளவுக்கு வந்த பின்னர்த் துணுக்குகளை மறுபடியும் குறிமுறைப்படுத்தாமலேயே இணைக்கலாம். ஒவ்வொரு குறிமுறைப்படுத்தலிலும் தரம் சிறிது குறைவதால் அதனை ஒருமுறையோடு நிறுத்துவது நன்று, மூலக்கோப்புகளையும் அழிக்கலாகாது. உண்மையில் பல வேளைகளில் இணைக்கவே தேவையில்லை. துணுக்குகளை ஒரே வட்டில் தனித்தனி அத்தியாயங்களாக வைத்தால் அவை தொடர்ந்தும் ஓடும்; தொலையியக்கியால் வேண்டிய பகுதிக்குத் தாவவும் முடியும். பாடங்களுக்கு இதுவே ஏற்றது.

ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 470 கோடி பைட்டுகள். இரண்டு மணிநேரப் படத்துக்கு இதனைப் பகிர்ந்தால் நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். ஒலியின் பங்கும் அதற்குள் அடக்கம். மாற்றிய கோப்புகளை வட்டில் நகலெடுத்தால் மட்டும் டிவிடி நிகழ்படம் ஆகிவிடாது. டிவிடி ஸ்டைலர் போன்ற மென்பொருள் அவற்றை வீடியோ_டிஎஸ் என்னும் அடைவினுள் உரிய கட்டமைப்பில் அமைத்துத் தரும். முதலில் மீளெழுதத்தக்க வட்டில் எழுதி, ஒவ்வொரு துணுக்கின் இறுதியிலும் ஒலி பொருந்துகிறதா எனப் பார்ப்பது நன்று.

யுஎஸ்பி வழியாகக் கோப்புகளை நேரடியாக இயக்கும் தொலைக்காட்சிகள் பரவியதால் இம்முறையின் தேவை குறைந்துள்ளது. எனினும் கோப்புகளை ஒருசீராக்கிய பின்னரே ஒட்ட வேண்டும் என்பது அங்கும் பொருந்தும்.

உரிமம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 திரைப்படங்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது. பொதுவகத்திலுள்ள கிரியேட்டிவ் காமன்சு உரிமப் படங்களை வட்டில் சேர்த்து வழங்கும்போது ஆக்கியோர் பெயரையும் உரிமத்தையும் காட்ட வேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை மறைத்துவிடுவதால், இப்பெயர்களைத் திரையின் விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கேனும் உள்தள்ளி எழுத வேண்டும்.