பழைய கணினிக்குப் புது வாழ்வு!
லினக்ஸ் ஏற்றும்போது வரும் தகராறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

உங்கள் வீட்டு மூலையில் பழைய கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? "இது இனி உதவாது, புதிதாக வாங்குங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டார்களா? சற்றுப் பொறுங்கள். புதிய கணினிக்குக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி தோட்டத்தில் உழைத்துச் சேர்க்கும் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஓ, 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத கணினிகள் இதனால் ஓரங்கட்டப்படுகின்றன. இவற்றுக்குக் கைகொடுப்பதுதான் லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த இந்த இயங்குதளத்தைக் காசு கொடுக்காமலே பெறலாம். நம் மலேசிய அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கெனத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிதானது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் பள்ளிப்பாடம், கடிதம், இணையம் எல்லாவற்றுக்கும் போதும்.

முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

பெண் பார்க்காமல் யாராவது பரிசம் போடுவார்களா? லினக்ஸும் அப்படித்தான். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' அல்லது 'எட்சர்' என்னும் மென்பொருளால் மின்ட்டை எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும், கவனம்! அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம்; உள்ளிருக்கும் விண்டோஸை அது தொடாது. திரை தெளிவாக இருக்கிறதா, ஒலி கேட்கிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எல்லாம் சரியென்றால் மட்டுமே நிறுவத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னே கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் பாடங்கள், சேமநிதிக் கணக்கறிக்கைகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டால் போனது போனதுதான்.

பென்டிரைவைக் கணினி கண்டுகொள்ளவில்லையா?

கணினியை முடுக்கியதுமே டெல், லெனோவோ வகைகளில் எஃப்12 விசையையும், எச்பியில் எஃப்9 விசையையும் விட்டுவிட்டு அழுத்துங்கள். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அது இல்லையென்றால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால், 'பயாஸ்' அமைப்பினுள் சென்று 'செக்யூர் பூட்' என்பதை நிறுத்திவைத்துப் பாருங்கள்.

திரை இருண்டுவிட்டதா?

பயப்பட வேண்டாம், கணினி கெட்டுப்போகவில்லை. 'என்விடியா' போன்ற சில வரைகலை அட்டைகளோடு லினக்ஸுக்குத் தொடக்கத்தில் ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான். மின்ட்டின் தொடக்கப் பட்டியலில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகும் திரை இருண்டால், தொடக்கப் பட்டியலை வரவழைத்து, ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் சின்ன எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்துத் தட்டி, எஃப்10 அழுத்துங்கள். திரை வந்ததும் 'டிரைவர் மேனேஜர்' வழியாக உரிய இயக்கியைப் போட்டுக்கொள்ளலாம்.

வைஃபை வரவில்லையா?

அதிகம் பேரைச் சோதிப்பது இதுதான். 'பிராட்காம்', 'ரியல்டெக்' நிறுவனங்களின் சில வைஃபை அட்டைகளுக்குத் தனி இயக்கி தேவை. அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கைப்பேசி போதும். அதைக் கம்பிவழி கணினியோடு இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்குங்கள். இணையம் வந்ததும் 'டிரைவர் மேனேஜரை'த் திறந்து இயக்கியை நிறுவுங்கள்.

வன்தட்டு தெரியவில்லையா?

பயாஸில் சேமிப்பக முறை 'ரெய்ட்' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருக்கக்கூடும். அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் தட்டு தெரியும். ஆனால், விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்; விண்டோஸ் எழும்பாமல் போய்விடும். தட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டால் அதன் ஆயுள் முடிகிறது என்று பொருள். உடனே நகலெடுத்துவிட்டு 'எஸ்எஸ்டி' தட்டாக மாற்றுங்கள். பழைய கணினிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

தேதி பின்னோக்கிப் போகிறதா?

ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால், இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். பலர் இதை லினக்ஸின் குற்றம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் தீர்ந்துபோனது தாய்ப்பலகையில் இருக்கும் 'சிஆர்2032' பட்டன் பேட்டரி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சில வெள்ளியில் மாற்றிவிடலாம்.

கடைக்குப் போகும்போது

உதிரிப் பொருள் தேவைப்பட்டால் கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்குப் போகலாம். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். "லினக்ஸில் ஓடுமா?" என்று கேளுங்கள். முடிந்தால் மடிக்கணினியையும் பென்டிரைவையும் கையோடு கொண்டுபோய், செருகிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட சில மென்பொருள்களும் விளையாட்டுகளும் லினக்ஸில் ஓடமாட்டா. பிள்ளையின் பள்ளி அப்படி எதையாவது கட்டாயமாக்கியிருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் 'லிப்ரே ஆபிஸ்' உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. பிள்ளைகள் தமிழிலேயே தட்டச்சுச் செய்யலாம்.

வேலையைத் தொடங்கும்போது ஒரு பயிற்சிப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் மாடல் எண், திரையில் வந்த பிழைச்செய்தி, நீங்கள் மாற்றிய அமைப்பு ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். உதவி கேட்டு யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். பக்கத்து வீட்டார் தங்கள் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் நாளில், அந்தப் புத்தகம் அவர்களுக்கும் உதவும்!